செடிக்குள் தண்ணீர் ஏறுவதைக் கண்காட்சியில் காட்டுவது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

பிள்ளையின் அறிவியல் கண்காட்சிக்கு "செடியில் தண்ணீர் எப்படி மேலே ஏறுகிறது" என்ற தலைப்பை எடுத்திருக்கிறீர்களா? நல்ல தலைப்பு. செலவு கம்மி, ஆபத்தான ரசாயனம் கிடையாது, ஏழாம் வகுப்புப் பிள்ளையும் செய்யலாம், பிளஸ் ஒன் மாணவரும் அவர் அளவில் செய்யலாம். சிக்கல் என்னவென்றால் இதற்குக் கிடைக்கிற வீடியோக்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுக்காரர்கள் எடுத்தவை. செலரித் தண்டு வாங்கு என்பார்கள். எங்கள் ஊர்க் காய்கறிக் கடையில் செலரி என்று கேட்டால் கொத்தமல்லிக் கட்டை எடுத்து நீட்டுகிறார்கள். என் மகளுக்காக இதைச் செய்து முடிப்பதற்குள் எந்தச் செடி, எந்தச் சாயம், எந்த டியூப் என்று பலவிதமாக அலைந்தாயிற்று. நம் ஊரில் கிடைக்கும் பொருட்களை வைத்து, நடுவர் முன்னால் திணறாமல் செய்து முடிப்பதற்கான வழியை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

1. எதைக் காட்டப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லாக் கண்காட்சியிலும் ஒரு மேசையில் வெள்ளைப் பூ சிவப்புத் தண்ணீரில் நிற்கும். பார்க்க அழகுதான். நடுவர் வந்து "ஏன் ஏறுது?" என்பார். "நுண்புழை ஏற்றம் சார்" என்று பிள்ளை சொல்லும், அதாவது மெல்லிய குழாயில் தண்ணீர் தானாக மேலே ஏறுவது. "தென்னை மரத்துக்கும் அதேதானா?" என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலான பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். தண்ணீரைக் கொண்டுபோகும் சைலக் குழாயின் ஆரம் 0.02 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், நுண்புழை ஏற்றத்தால் மட்டும் தண்ணீர் முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஏறும். கத்தரிச் செடிக்கு இது போதுமானதாகத் தோன்றலாம், 20 மீட்டர் தென்னைக்குப் போதாது. வேர் கீழிருந்து தள்ளும் அழுத்தமும் உண்டு. காலையில் புல் நுனியிலும் நெல் இலை நுனியிலும் நிற்கும் துளிகளில் பல, பனித்துளி இல்லை. வேர் தள்ளியதால் இலை விளிம்பு வழியே கசிந்த தண்ணீர். ஆனால் வெயில் ஏறி, செடிக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படும் நேரத்தில் இந்த அழுத்தம் கிட்டத்தட்ட இல்லாமல் போய்விடும்.

உண்மையில் வேலை செய்வது இலை. இலைத்துளைகள் வழியாக நீர் ஆவியாகி வெளியேறும்போது, இலைக்குள் இருக்கும் நீர் அடுத்த நீரை இழுக்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருப்பதால், மேலே கயிற்றை இழுத்தால் கீழ் நுனி வரை வருவதுபோல் அந்த இழுப்பு வேர் வரை போகிறது. செடி உறிஞ்சும் தண்ணீரில் 95 சதவீதத்துக்கு மேல் இப்படி ஆவியாகவே போகிறது.

ஆகவே உங்கள் மேசையில் பூ நிறம் மாறுவது இருக்கட்டும், ஆனால் இலை இழுக்கிறது என்பதைக் காட்டும் ஒப்பீடு கட்டாயம் இருக்க வேண்டும். இலை உள்ள கிளை, இலை பறித்த கிளை, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். நடுவர் மார்க் போடுவது அங்கேதான்.

2. நாள் கணக்கு

விதை போட்டு வளர்க்கிறீர்கள் என்றால் ஐந்து வாரம் முன்னதாகத் தொடங்குங்கள். காசித்தும்பை சீக்கிரம் வளரும், அந்த நேரத்துக்குள் தண்டு கனமாகிவிடும். நர்சரியில் தொட்டிச் செடியாக வாங்கினால் பத்து நாள் போதும். வாங்கிய அன்றே வெட்ட வேண்டாம், வெயிலும் தண்ணீரும் பழகட்டும்.

அளவீடுகள் எடுக்க இரண்டு விடுமுறை நாட்களை ஒதுக்குங்கள். முதல் நாள் ஏதாவது சொதப்பும், அதற்காகத்தான் இரண்டாவது நாள். கண்காட்சிக்கு முந்தின நாள் சார்ட் எழுதுவதற்கு மட்டும்.

சோதனைக்கு நல்ல நேரம் காலை 9 முதல் 11 வரை. இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உச்சி வெயிலில், அதுவும் ஏப்ரல் மே மாதங்களில், பல செடிகள் தண்ணீரைச் சேமிக்க இலைத்துளைகளை ஓரளவு மூடிக்கொள்ளும். வெயில் அதிகம் என்பதால் வேகமாக ஏறும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். மழை நாளில் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் எல்லாமே மந்தமாக நடக்கும். நவம்பர், டிசம்பரில் சென்னை, கடலூர் பக்கம் செய்பவர்கள் நேரத்தை இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்குவதில் அர்த்தமில்லை, பெரும்பாலான செடிகளில் இருட்டும்போது இலைத்துளை மூடிவிடும்.

3. வாங்க வேண்டியவையும் செலவும்

விலைகள் எங்கள் ஊர்க் கடை நிலவரம். உங்கள் ஊரில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

காசித்தும்பைத் தொட்டி ஒன்று 30 ரூபாய்க்குள். திரவ ஃபுட் கலர் சிறு பாட்டில் 50 ரூபாய்க்குள். மருந்துக் கடையில் 1 மி.லி. சிரிஞ்சு 10 ரூபாய். மீன் தொட்டி விற்கும் கடையில் காற்று மோட்டாருக்குப் போடும் ஒளி ஊடுருவும் டியூப், மீட்டர் 15 ரூபாய் சுற்றில். சின்ன வாஸலின் டப்பா, கிராஃப் தாள் நாலைந்து, சார்ட் இரண்டு, மார்க்கர் பேனா. எல்லாம் சேர்த்தாலும் 250 ரூபாயைத் தாண்டாது. பழைய ஜாம் பாட்டில், புது பிளேடு, பாலித்தீன் கவர், நூல், ஸ்கேல், பக்கெட் வீட்டிலேயே இருக்கும்.

சிரிஞ்சு வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. வெறுமனே "1 மி.லி. சிரிஞ்சு" என்று கேட்டால் சில கடைகளில் இன்சுலின் சிரிஞ்சை எடுத்துக் கொடுப்பார்கள். அதில் இருப்பது மி.லி. கோடுகள் அல்ல, யூனிட் கோடுகள். நம் ஊரில் பரவலாகக் கிடைப்பதில் 40 யூனிட் சேர்ந்தால்தான் 1 மி.லி., அதாவது ஒரு யூனிட் 0.025 மி.லி. அதை 0.01 என்று நினைத்துக் குறித்தால் மொத்தக் கணக்கும் தப்பு. ஊசியும் பெரும்பாலும் கழற்ற முடியாதபடி ஒட்டியே வரும், டியூப் மாட்ட முடியாது. "டியூபர்குலின் சிரிஞ்சு, ஊசி கழற்றுவது" என்று கேளுங்கள். ஊசியைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

கிளை உறிஞ்சும் தண்ணீரை அளக்கும் கருவிக்குப் போட்டோமீட்டர் என்று பெயர். பள்ளி ஆய்வகத்தில் கண்ணாடியால் செய்த கேனாங் வகைப் போட்டோமீட்டர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். சொந்தமாக வாங்க வேண்டாம். விலை அதிகம், பஸ்ஸில் கொண்டுபோவதற்குள் உடையும்.

4. செடியைத் தேர்ந்தெடுப்பது

சாயம் ஏறுவதைக் காட்டக் காசித்தும்பைக்கு ஈடு இல்லை. தண்டு சதைப்பற்றாக, ஏறக்குறைய ஒளி ஊடுருவும்படி இருப்பதால், வெட்டாமலே உள்ளே சிவப்புக் கோடு மேலே போவது தெரியும். ஆனால் வெள்ளைப் பூ பூக்கும், பச்சைத் தண்டு வகையாகப் பாருங்கள். சிவப்பு, ஊதாப் பூ வகைகளில் தண்டே இயற்கையாகச் சிவந்திருக்கும். "இது சாயமா, செடியோட நிறமா?" என்று நடுவர் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

பூவுக்குச் சம்பங்கியோ வெள்ளைச் சாமந்தியோ போதும். மாலை கட்டும் உதிரிப் பூ உதவாது. பொக்கே கட்டும் கடையில் காம்போடு கேளுங்கள்.

தண்டைக் குறுக்கே வெட்டிப் புள்ளிகளைக் காட்ட நினைப்பவர்கள் தண்டுக்கீரையை எடுப்பார்கள், தடியாக இருக்கிறதே என்று. அதில் ஒரு வில்லங்கம் உண்டு. இருவித்திலைத் தாவரம் என்றால் சைலம் வட்டமாக அமைந்திருக்கும் என்று பாடத்தில் படித்திருப்பார்கள். தண்டுக்கீரையின் தண்டில் நடுவிலும் குழாய்க் கற்றைகள் சிதறிக் கிடக்கும். பிள்ளை ஒன்று சொல்ல, தண்டு வேறொன்றைக் காட்டும். வட்டத்துக்குக் காசித்தும்பை அல்லது இளம் சூரியகாந்தி, சிதறலுக்கு ஒருவித்திலைத் தாவரமான மக்காச்சோளம் என்று வைத்துக்கொண்டால் புத்தகத்தோடு ஒத்துப்போகும்.

டியூபில் செருகி அளப்பதற்குக் காசித்தும்பை சரிவராது. தண்டு மெத்தென்று இருப்பதால் நசுங்கி ஒழுகும். உருண்டையான, கொஞ்சம் கட்டியான தண்டு வேண்டும். செம்பருத்தி, புங்கன் நன்றாக வரும். துளசி வேண்டாம், தண்டு நாலு பட்டையாக இருப்பதால் மூலைகளில் காற்று நுழையும். கொய்யாவின் இளங்கிளையும் அப்படித்தான். எருக்கு, அரளி, நந்தியாவட்டை போன்ற பால் வடியும் செடிகளை விட்டுவிடுங்கள். வெட்டிய வாய் பாலால் அடைபடும், அரளியும் எருக்கும் விஷம் வேறு.

5. சாயம்

தண்ணீரில் முழுசாகக் கரைவது மட்டும்தான் மேலே ஏறும். துணிக்குப் போடும் நீலப்பொடி கரையாது, நுண்ணிய துகளாக மிதக்கும், கொஞ்ச நேரத்தில் அடியில் படியும். போஸ்டர் கலர், குங்குமம், மஞ்சள் தூள் எல்லாம் இதே கதைதான். குழாய் வாயை அடைத்துக்கொண்டு அங்கேயே நிற்கும்.

கேசரிப் பவுடர் கரையும், ஏறவும் செய்யும். ஆனால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் உப்பு சேர்த்திருப்பார்கள். நிறம் வெளிறலாக இருக்கிறதே என்று ஸ்பூன் ஸ்பூனாகப் போட்டால் உப்புத் தண்ணீரில் செடி வாடிவிடும். ஆரஞ்சு நிறம் பச்சைத் தண்டில் எடுப்பாகவும் தெரியாது.

நான் சொல்வது திரவ ஃபுட் கலர், சிவப்பு அல்லது நீலம். 100 மி.லி. தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன். எழுதும் சிவப்பு மை கிடைத்தால் அதுவும் அருமையாக வேலை செய்யும், ஒரு பங்கு மைக்குப் பத்துப் பங்கு தண்ணீர். பள்ளி ஆய்வகத்தில் சாஃப்ரானின் என்ற சாயம் தருகிறேன் என்பார்கள். அது சைலச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் வகை. மைக்ராஸ்கோப்பில் பார்க்கப் பளிச்சென்று இருக்கும், ஆனால் ஒட்டிக்கொண்டே போவதால் மேலே ஏறுவது தாமதமாகும். வேகத்தைக் காட்ட இயோசின் என்ற சாயம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

6. தண்ணீருக்குள் வெட்டுங்கள்

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தால் மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

பகலில் செடிக்குள் இருக்கும் நீர் மேல்நோக்கி இழுபட்ட நிலையில் இருக்கிறது. வெளியே காற்றில் வைத்துத் தண்டை வெட்டினால், வெட்டிய கணத்திலேயே தண்ணீர் உள்வாங்கி, அந்த இடத்தில் காற்று புகுந்துவிடும். காற்றுக் குமிழி புகுந்த குழாயில் தண்ணீர்த் தொடர் அறுந்துபோகிறது, அதன்பின் எவ்வளவு நேரம் சாயத்தில் வைத்தாலும் அந்தக் குழாய் வேலை செய்யாது.

செய்ய வேண்டியது: செடியிலிருந்து கிளையைத் தேவையைவிட 5 செ.மீ. நீளமாக வெட்டி எடுங்கள். உடனே பக்கெட் தண்ணீரில் வெட்டிய முனையை முக்கி, தண்ணீருக்குள்ளேயே இன்னொரு முறை 3 செ.மீ. மேலே சாய்வாக வெட்டுங்கள். புது பிளேடு அவசியம். கத்தரிக்கோல் தண்டை நசுக்கும். சின்னப் பிள்ளை என்றால் பிளேடு வேலையைப் பெரியவர்கள் செய்யுங்கள், தண்ணீருக்குள் விரல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. பிறகு முனையில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொங்கும்படியே எடுத்துச் சாயப் பாட்டிலில் வைத்துவிடுங்கள்.

கால் மணி நேரத்தில் இலைகள் தொங்கினால் காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். தூக்கிப் போட வேண்டாம், மறுபடி தண்ணீருக்குள் இன்னும் கொஞ்சம் மேலே வெட்டிப் பாருங்கள். பல சமயம் நிமிர்ந்துவிடும்.

7. சாயச் சோதனை: நான்கு பாட்டில்

ஒரே செடியிலிருந்து, ஏறக்குறைய ஒரே தடிமன், ஒரே நீளத்தில் நான்கு கிளைகள். நான்கு பாட்டிலிலும் ஒரே அளவு சாயம்.

முதல் கிளை அப்படியே இருக்கட்டும். இரண்டாவதில் எல்லா இலையையும் பறித்துவிடுங்கள், பறித்த இடத்தில் வாஸலின் தடவுங்கள். மூன்றாவதில் இலைகளின் அடிப்பக்கம் முழுவதும் வாஸலின், ஏனென்றால் இலைத்துளைகள் அதிகம் இருப்பது அங்கேதான். நான்காவதைப் பாலித்தீன் கவரால் மூடிக் கட்டுங்கள்.

வெளிச்சமும் லேசான காற்றும் உள்ள இடத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுத்து, மேல் நுனியிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி 1 செ.மீ.க்கு ஒரு வெட்டாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். எந்த வெட்டில் முதன்முதலாகச் சாயப் புள்ளி தெரிகிறதோ, அது வரை சாயம் ஏறியிருக்கிறது. கீழிருந்து வெட்டினால் பிளேடிலேயே சாயம் ஒட்டி மேலே வந்து ஏமாற்றும். இது எந்த வீடியோவிலும் சொல்லாத விஷயம்.

இலையுள்ள கிளையில் சாயம் நரம்பு வரை போயிருக்கும். இலை பறித்ததில் பூஜ்யமாக இருக்காது, கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். பிள்ளை அதைப் பார்த்துப் பயந்து அளவை மாற்றி எழுத வேண்டாம். அந்தக் கொஞ்சம் ஏறியதற்கு நுண்புழை ஏற்றமும், தண்டின் மேற்பரப்பிலிருந்து ஆவியாவதும் காரணம் என்று சொன்னால் நடுவர் நிமிர்ந்து உட்காருவார்.

சம்பங்கியைத் தனியாக ஒரு பாட்டிலில் காலையில் வைத்துவிட்டால் மத்தியானத்துக்குள் இதழ் ஓரம் நிறம் பிடிக்கத் தொடங்கும். முழுசாக நிறம் வர ராத்திரி முழுக்க ஆகலாம். காம்பை நீளவாக்கில் பாதியாகப் பிளந்து ஒரு பாதி சிவப்பிலும் மறுபாதி நீலத்திலும் வைத்தால் கூட்டம் கூடும். அறிவியலாகப் பெரிதாக ஒன்றும் சேராது, ஆனால் கண்காட்சி என்றால் கூட்டமும் வேண்டும்தானே.

8. எவ்வளவு தண்ணீர் இழுக்கிறது என்று அளப்பது

எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு எளிய வழி ஒன்று போதும். குறுகலான, உயரமான பாட்டிலில் தண்ணீர், அதில் கிளை, தண்ணீருக்கு மேல் அரை செ.மீ. சமையல் எண்ணெய், மார்க்கரால் ஒரு கோடு. எண்ணெய் இருப்பதால் பாட்டிலிலிருந்து தண்ணீர் நேராக ஆவியாகாது, மட்டம் குறைந்தால் செடிதான் குடித்தது. இலை பறித்த கிளையோடு இன்னொரு பாட்டில் வையுங்கள். முதலில் கிளையை வைத்துவிட்டுப் பிறகு எண்ணெய் ஊற்றுங்கள். எண்ணெய் ஊற்றிய பிறகு கிளையைச் செருகினால் வெட்டுவாயில் எண்ணெய் பூசிக்கொண்டு ஒன்றும் ஏறாது.

பெரிய வகுப்புப் பிள்ளைகள் போட்டோமீட்டர் செய்யலாம். மீன் தொட்டி டியூபில் 40 செ.மீ. வெட்டிக்கொள்ளுங்கள். சிரிஞ்சின் உள்தண்டை உருவிவிட்டு, மூக்கில் டியூபின் ஒரு முனையை மாட்டுங்கள். டியூபின் உள்விட்டம் சாதாரணமாக 4 மி.மீ. இருக்கும், சிரிஞ்சு மூக்குக்கு இறுக்கமாகப் பொருந்தும்.

அப்புறம் எல்லா வேலையும் பக்கெட்டுக்குள்தான். டியூபையும் சிரிஞ்சையும் முழுசாகத் தண்ணீரில் முக்கி, ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்புங்கள். டியூபைச் சுண்டிவிட்டால் ஒட்டிக்கொண்டிருக்கும் குமிழி கிளம்பிவிடும். தண்ணீருக்குள் வெட்டிய செம்பருத்திக் கிளையை, தண்ணீருக்குள்ளேயே டியூபின் மறுமுனையில் 2 செ.மீ. ஆழத்துக்குச் செருகுங்கள். தண்டு டியூபைவிட ஒரு நூல் பெரிதாக இருந்தால்தான் இறுக்கம் வரும். டியூப் முனையை வெந்நீரில் ஒரு நிமிடம் வைத்தால் இளகி இடம் கொடுக்கும். இலைகள் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நனைந்தால் காயும் வரை அளவு எடுப்பதில் பயனில்லை.

வெளியே எடுத்து, இணைப்பைத் துடைத்து, நூலால் இறுகக் கட்டி, மேலே வாஸலினைக் கனமாகப் பூசுங்கள். டியூபை 'ப' வைத் திருப்பிப் போடாமல் அப்படியே எழுதியதுபோல் வளைத்து, ஒரு பக்கம் சிரிஞ்சு, மறுபக்கம் கிளை, இரண்டும் நேராக நிற்கும்படி ஒரு அட்டையிலோ ஸ்டாண்டிலோ டேப் போட்டு ஒட்டுங்கள். செடி இழுக்க இழுக்கச் சிரிஞ்சில் தண்ணீர் மட்டம் இறங்கும். கோடு ஒவ்வொன்றும் 0.01 மி.லி. என்பதால் தனியாகக் கணக்கு வேண்டியதில்லை.

உடனே குறிக்கத் தொடங்காதீர்கள். இருபது நிமிடம் செடி நிதானத்துக்கு வரட்டும். அதன்பின் சிரிஞ்சை மேலே வரை நிரப்பி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டத்தைக் குறியுங்கள். கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்து, வளைவின் அடிப்பகுதியைப் படியுங்கள்.

நிழலில் ஒருமுறை, இளவெயிலில் ஒருமுறை, மின்விசிறி முன் ஒருமுறை, கவர் போட்டு ஒருமுறை, கடைசியாக இலையடியில் வாஸலின் தடவி ஒருமுறை. வாஸலினைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், தடவிய பிறகு துடைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. ஒவ்வொரு இடமாற்றத்துக்குப் பிறகும் பத்து நிமிடம் விட்டுத்தான் குறிக்க வேண்டும்.

மட்டம் கடகடவென்று இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள், அது ஒழுக்கு. இணைப்பில் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிப் பாருங்கள், நனைந்தால் மறுபடி கட்ட வேண்டும். மட்டம் அசையவே இல்லை என்றால் தண்டின் வாயில் குமிழி உட்கார்ந்திருக்கும். கழற்றி, பக்கெட்டுக்குள் வெட்டுவதிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

9. இலைப் பரப்பு

எல்லா அளவும் முடிந்த பிறகு இலைகளைப் பறித்து, வாஸலினைத் துடைத்து, கிராஃப் தாளில் வைத்து வரையுங்கள். முழுக் கட்டங்களை எண்ணுங்கள், பாதிக்கு மேல் இருப்பதை ஒன்றாகச் சேருங்கள், பாதிக்குக் குறைந்ததை விட்டுவிடுங்கள். இலையின் ஒரு பக்கப் பரப்பு மட்டும் போதும், அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

உதாரணத்துக்கு, பத்து நிமிடத்தில் 0.12 மி.லி. இறங்கியது, இலைப் பரப்பு 150 ச.செ.மீ. என்றால், மணிக்கு 0.72 மி.லி. ஆகிறது. 100 ச.செ.மீ. இலைக்கு மணிக்கு 0.48 மி.லி. இப்படி மாற்றி எழுதினால்தான் இரண்டு கிளைகளை ஒப்பிட முடியும். பெரிய கிளை அதிகம் குடித்தது என்பதில் அதிசயம் ஒன்றுமில்லையே.

10. காகிதங்கள்

பள்ளிக்குள் நடக்கும் கண்காட்சி என்றால் ரெக்கார்டு நோட்டும் சார்ட்டும் போதும். நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, அட்டவணை, முடிவு என்ற வரிசையிலேயே எழுதுங்கள்.

இதைவிட முக்கியம் அப்சர்வேஷன் நோட்டு. அளவெடுத்த அன்றே, அந்த இடத்திலேயே எழுதியது. தேதி, நேரம், வெயிலா மேகமா, எந்தச் செடி என்பதெல்லாம் இருக்க வேண்டும். அடித்துத் திருத்தியது இருந்தாலும் பரவாயில்லை, அழகாகத் திரும்ப எழுத வேண்டாம். அடுத்த நாளே அறிவியல் ஆசிரியரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கடைசி வாரத்தில் எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் நிற்பார்கள். வீட்டில் செய்ததற்குச் சான்றாக, கடிகாரம் தெரியும்படி எடுத்த புகைப்படங்களை ஒட்டுவது நல்லது.

பள்ளிக்கு வெளியே போவதாக இருந்தால் தலைமையாசிரியர் கையெழுத்திட்ட போனஃபைட் சான்றிதழ், பள்ளி அடையாள அட்டை, மாணவரின் எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறைப் பதிவு எண்), பெற்றோர் சம்மதக் கடிதம், ஒரு பக்கச் சுருக்கம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். என்ன கேட்பார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும், சுற்றறிக்கையை ஆசிரியரிடம் வாங்கி நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள். எங்களுக்கு ஓரிடத்தில் முந்தின நாள் மாலை "சுருக்கம் இரண்டு பிரதி" என்று சொன்னார்கள், ஜெராக்ஸ் கடை மூடுகிற நேரம்.

11. கண்காட்சி அன்று

மண்டபத்துக்குள் வெயில் இருக்காது, செடி மெதுவாகத்தான் இழுக்கும். ஜன்னலோர மேசை கேளுங்கள். கூடவே ஒரு டேபிள் லாம்ப், சின்ன ஃபேன், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். மின்சாரம் இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

போட்டோமீட்டரை வீட்டில் தயாரித்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், வண்டி குலுங்கும்போது காற்று புகுந்துவிடும். கிளையைத் தண்ணீர் பாட்டிலில் வைத்துக் கொண்டுபோய், அங்கே பக்கெட்டில் பொருத்துங்கள். நடுவர் வர ஒரு மணி நேரம் முன்னதாக முடித்திருக்க வேண்டும். உபரிக் கிளைகள் குறைந்தது இரண்டு கைவசம் இருக்கட்டும். வீட்டில் எடுத்த அளவுகள் சார்ட்டில் இருப்பதால், அங்கே ஓடாவிட்டாலும் குடி முழுகிப் போகாது.

12. கட்டாயம் வரும் கேள்விகள்

"இந்தக் கருவி நீராவிப்போக்கை அளக்கிறதா?" அதாவது இலை வழியே ஆவியாகும் தண்ணீரை. இல்லை, கிளை உறிஞ்சும் தண்ணீரை அளக்கிறது. பெரும்பகுதி ஆவியாவதால் இரண்டும் ஏறக்குறைய சமம், அவ்வளவுதான். "ஆமாம் சார்" என்று சொன்னால் மார்க் போச்சு.

"உறிஞ்சு பம்பு 10 மீட்டருக்கு மேல் தண்ணீர் எடுக்காதே, மரம் எப்படி எடுக்கிறது?" பம்பில் தண்ணீரை மேலே தள்ளுவது காற்றழுத்தம், அதன் எல்லை சுமார் 10.3 மீட்டர். மரத்தில் நீர்த்தொடர் தன் பிடிமானத்தாலேயே இழுபடுகிறது, குழாய் மிக நுண்ணியதாக இருப்பதால் குமிழி எளிதில் உண்டாவதில்லை. கலிஃபோர்னியாவில் 115 மீட்டருக்கு மேல் உயர்ந்த செம்மரம் நிற்கிறது, அதன் உச்சி இலைக்கும் தண்ணீர் போகிறது. செம்மரம் என்றதும் ஆந்திரக் காட்டுச் செம்மரம் நினைவுக்கு வரும், இது வேறு, ஊசியிலை மரம் என்று பிள்ளைக்குச் சொல்லிவைக்கவும்.

"ஜகதீஷ் சந்திர போஸ் வேறு மாதிரி சொன்னாரே?" பிளஸ் ஒன் படிப்பவர்களிடம் கேட்பார்கள். உயிருள்ள செல்கள் துடித்துத் தண்ணீரை மேலே தள்ளுகின்றன என்பது அவர் கருத்து. ஆனால் தண்ணீர் போகும் சைலக் குழாய்கள் முதிர்ந்தபின் இறந்த செல்கள், தண்டின் உயிருள்ள செல்களைக் கொன்ற பிறகும் தண்ணீர் ஏறுவது சோதனையில் தெரிந்திருக்கிறது. போஸைக் குறைத்துப் பேசாமல் இதை மட்டும் சொன்னால் போதும்.

"பட்டை வழியாகப் போகாது என்று எப்படித் தெரியும்?" இதற்கு வீட்டிலேயே பதில் தயார் செய்யலாம். செம்பருத்திக் கிளை ஒன்றில், செடியில் இருக்கும்போதே, 2 செ.மீ. அகலத்துக்குப் பட்டையை மட்டும் சுற்றிலும் உரித்துவிட்டு, மரப்பகுதி காயாமல் வாஸலின் தடவுங்கள். மூன்றாம் நாளும் இலை வாடாமல் நிற்கும். படம் எடுத்து சார்ட்டில் ஒட்டிவிடுங்கள்.

முடிந்த பிறகு சாயத் தண்ணீரைக் கழுவு தொட்டியில் ஊற்றலாம், ஃபுட் கலர்தான். மண்டபத் தரையில் சிந்தியிருந்தால் காய்வதற்குள் துடைத்துவிடுங்கள், சிவப்பு லேசில் போகாது.